பொரித்து மீந்த எண்ணெயை என்ன செய்வது?



சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் வேலப்பன்சாவடி. அதையொட்டி அமைந்த ஊர் நூம்பல். ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பகுதி இது. இன்று வயல்கள் இருந்த இடங்களில் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. சாலையோரம் முழுவதும் பஜ்ஜிக் கடை, புரோட்டாக் கடை, கோழி வறுவல் கடை, உணவு விடுதி என்று நீண்டு கிடக்கிறது. இருந்தாலும் பூவிருந்தவல்லி, திருவேற்காடு வட்டாரங்களில் அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று கீரையும் வெண்டையும் பூச்செடியும் வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டிலேயே மாலை நேரத்தில் வடை, போண்டா போட்டு விற்கிறார்கள். எனவே எண்ணெய்ச் சட்டியும் பாத்தியும் ஒரே குடும்பத்தில் அருகருகே இருக்கின்றன. அந்தச் சட்டியில் மீந்த எண்ணெய் எங்கே போகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சிலர் அதை வடிகாலில் ஊற்றுகிறார்கள். சிலர் குப்பை மேட்டில் கொட்டுகிறார்கள். மறுநாள் புது எண்ணெயோடு கலந்து மீண்டும் காய்ச்சுவோரும் உண்டு. டப்பாவோடு வரும் ஆளிடம் விலைக்குக் கொடுத்துவிட்டு, அவர் அதை எங்கே கொண்டு போகிறார் என்று கேளாதவர்களும் பலர். இந்த நான்கு வழிகளுமே கேடானவை. நான்காவது வழியைப் பற்றிப் பின்னால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு லிட்டர் எண்ணெயின் வேலை

ஒரு லிட்டர் எண்ணெய் நீர்ப்பரப்பின்மேல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் பரவினால் ஆயிரம் சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் பரப்பை மூடிவிடும். காற்றிலுள்ள பிராணவாயு நீருக்குள் இறங்குவதை அப்படலம் தடுக்கிறது. நீருக்குள் கலந்த எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும்போதும் பிராணவாயு தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் முற்றிலும் சிதைய சுமார் இரண்டே முக்கால் கிலோ பிராணவாயு வேண்டும். நம் ஊர் வெப்ப நிலையில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைந்திருப்பதோ ஏழரை மில்லிகிராம் மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றரை லட்சம் லிட்டர் நீரிலுள்ள பிராணவாயு முழுவதும் ஒரு லிட்டர் எண்ணெய்க்கே செலவாகிவிடும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் முப்பது லாரி நீர்! மீனும் தவளையும் அந்நீரில் எப்படி உயிர் வாழும்?

இந்தப் பகுதியின் வடிகால் நீர் பெரும்பாலும் கூவத்தை நோக்கியே ஓடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் தோன்றி, திருவேற்காடு வழியாகச் சென்னைக்குள் நுழையும் அந்த ஆற்றின் இன்றைய நிலையை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே குழாய்க்குள் குளிர்ந்து, உறைந்து, சோப்பு அழுக்கோடும் மணலோடும் சேர்ந்து கட்டியாகி அடைத்துக்கொள்கிறது. லண்டன் நகரில் 2017ஆம் ஆண்டு பாதாளச் சாக்கடை ஒன்றில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் உள்ள கொழுப்புக் கட்டியைக் கண்டு, வாரக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். நம் தெருக்களில் அடைப்பு ஏற்பட்டால் அந்நீர் நேராக அடுத்த கீரைப் பாத்திக்குள்தான் வழிகிறது.

மண்ணில் ஊற்றினால் உரமாகாதா?

கடலைப் பிண்ணாக்கு நல்ல உரம் ஆயிற்றே, கடலை எண்ணெய் மட்டும் ஏன் ஆகாது என்று கேட்பவர்கள் உண்டு. பிண்ணாக்கில் தழைச்சத்து இருக்கிறது. எண்ணெயில் அது அறவே இல்லை. எண்ணெயின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் கரிமம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இவ்வளவு கரிமத்தைத் தின்னப் புகும்போது, தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பயிர் பட்டினி கிடக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் அப்பளமும் வடையும் பொரித்து மீந்த எண்ணெயை, சமையல் செய்தவர் பின்கட்டில் நின்ற கருவேப்பிலைச் செடியின் பாத்தியில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். நாலைந்து லிட்டர் இருக்கும். மறுநாள் தண்ணீர் ஊற்றினேன். சேம்பிலையில் உருள்வதுபோல் நீர் மண்மேல் உருண்டு ஓடியது. மண் துகள்கள் மேல் எண்ணெய் பூசிக்கொண்டதால் நீரும் இறங்கவில்லை, காற்றும் இறங்கவில்லை. ஒரு மாதத்தில் இலைகள் வெளுத்து உதிரத் தொடங்கின. மேல்மண்ணை அரை அடிக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, மக்கிய தொழு உரமும் புது மண்ணும் இட்டு, அடிக்கடி கொத்திவிட்ட பிறகே செடி பிழைத்தது. உங்கள் பாத்தியில் இப்படி நேர்ந்துவிட்டால் அதே வழியைக் கையாளுங்கள். வெறுமனே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. பொரித்த எண்ணெயில் உப்பும் சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வடிகட்டியில் மிஞ்சும் கசடு, சட்டியைத் துடைத்த உமி போன்ற சிறு அளவை எருக்குழியில் சேர்க்கத் தடையில்லை. எண்ணெயை நேரடியாக ஊற்றாமல் உமி, மரத்தூள் அல்லது தென்னை நார்க்கழிவில் ஊறவைத்துக் கலக்க வேண்டும். நூறு கிலோ குப்பைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு லிட்டருக்கு ஈடாக 50 கிராம் யூரியாவைக் கரைத்துத் தெளித்தால் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் சரியாகும். வாரம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். எலியும் நாயும் தோண்டாதபடி மேலே மண் மூடுவது நல்லது.

சமையல் அறை நீருக்கு ஓர் எண்ணெய்ப் பொறி

நம்மில் பலர் பாத்திரம் கழுவும் நீரை வாழைக்கோ கீரைக்கோ பாய்ச்சுகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் வரும் எண்ணெயை முதலில் பிரித்தாக வேண்டும். எண்ணெய் மிதக்கும், நீர் கீழே நிற்கும் என்ற ஒன்றை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

மூடியுள்ள 50 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து அரை அடி கீழே ஒரு பக்கத்தில் நீர் வரும் குழாயைப் பொருத்துங்கள். எதிர்ப் பக்கத்தில் அதைவிட இரண்டு அங்குலம் தாழ்வாக வெளியேறும் குழாயை வையுங்கள். வெளியேறும் குழாயின் உட்புறத்தில் ஒரு 'டி' இணைப்பைச் செருகி, அதன் கீழ்ப்பக்கத்தில் குழாய்த்துண்டு மாட்டி, பீப்பாயின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கும்படி விடுங்கள். 'டி'யின் மேல்வாய் திறந்தே இருக்கட்டும். குழாயில் அடைப்பு வந்தால் குச்சி விட்டுக் குத்த அது உதவும். இப்போது மேலே மிதக்கும் எண்ணெய் பீப்பாயிலேயே தங்கிவிடும். அடியிலுள்ள நீர் மட்டும் குழாய் வழியே ஏறி வெளியே போகும். நீர் உள்ளே அரை மணி நேரமாவது நின்றால்தான் எண்ணெய் பிரியும். எனவே ஒரே மூச்சில் பத்துக் குடம் நீரைக் கொட்டக் கூடாது. கொதிக்கும் நீரையும் ஊற்றக் கூடாது. எண்ணெய் உருகி நீரோடு போய்விடும். வாரம் ஒரு முறை மேலாடையை அகப்பையால் அள்ளி, உமியில் கலந்து எருக்குழிக்கு அனுப்பலாம்.

பாத்திரத்தையும் சட்டியையும் கழுவும் முன் பழைய செய்தித்தாளாலோ ஒரு பிடி உமியாலோ துடைத்துவிட்டால் பொறிக்கு வேலை பாதியாகக் குறையும்.

எண்ணெய் கெட்டுவிட்டதை அறிவது எப்படி?

எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் 'முனைவுச் சேர்மங்கள்' எனப்படும் கெட்ட பொருள்கள் பெருகுகின்றன. இவற்றின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்துள்ளது. இவ்விதி 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. சூடான எண்ணெயில் தோய்த்து அளவு காட்டும் கைக்கருவி உணவுப் பாதுகாப்பு அலுவலர்களிடம் உண்டு. நம்மிடம் கண்ணும் மூக்கும் உள்ளன. நிறம் கறுத்துவிட்டதா? எண்ணெய் பாகுபோல் தடித்துவிட்டதா? பண்டம் போட்டதும் அடங்காத நுரை எழுகிறதா? முன்னைவிடச் சீக்கிரமே புகைகிறதா? காறல் வாடை வீசுகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலும் அந்த எண்ணெயின் சமையல் வேலை முடிந்துவிட்டது.

வீட்டில் ஒரு முறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, குழம்புக்கோ பொரியலுக்கோ இரண்டொரு நாளில் செலவழித்துவிடுவதே சிக்கனம். எத்தனை குறைவாக மீந்தாலும் அத்தனை நல்லது.

மாட்டுக்கும் கோழிக்கும் வேண்டாம்

கெட்ட எண்ணெயைத் தவிட்டில் பிசைந்து மாட்டுக்கு வைப்போரைப் பார்க்கிறோம். கறவை மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள்தான் வைக்கோலைச் செரிக்கின்றன. கொழுப்பு மிகுந்தால் அவை மந்தமாகிவிடும். தீனி எடுப்பு குறைந்து, பாலின் கொழுப்புச் சத்தும் குறையக்கூடும். கோழிக்கோ இது இன்னும் கேடு. காறிய கொழுப்பு தீவனத்திலுள்ள வைட்டமின் 'ஈ'யை அழித்துவிடும். அதனால் குஞ்சுகள் தலையைத் திருகிக்கொண்டு நிலை தடுமாறி விழும் நோய் வருகிறது.

பம்பு செட்டில் ஊற்றலாமா?

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது உண்மைதான். அதைக் கேள்விப்பட்டு, பொரித்த எண்ணெயை டீசலோடு கலந்து பம்பு செட்டில் ஊற்ற ஆசைப்பட வேண்டாம். தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடித்தது. பீச்சுங் குழலின் முனையில் சரியாகப் பூத்தூறலாகச் சிதறாது. முதல் சில நாள்கள் எஞ்சின் ஓடும். பிறகு முனையில் கரி பிடிக்கும், பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும், உயவு எண்ணெய் கட்டியாகும். மிச்சம் பிடித்த டீசல் காசைவிடப் பழுது பார்க்கும் செலவு பெரிதாகிவிடும்.

எண்ணெயை எரிபொருளாக்க முறையான வழி உண்டு. நூறு கிலோ எண்ணெயோடு பத்துப் பதினோரு கிலோ மெத்தனாலும் சிறிது காரமும் சேர்த்து வினைபுரியச் செய்தால் ஏறக்குறைய நூறு கிலோ பயோ டீசலும் பத்துக் கிலோ கிளிசரினும் கிடைக்கும். இது தொழிற்சாலையில் செய்ய வேண்டிய வேலை. மெத்தனால் கண் பார்வையைப் பறிக்கும் நஞ்சு. எளிதில் தீப்பற்றும் பொருளும் ஆகும். வீட்டுக் கொல்லையில் இதை முயல வேண்டாம்.

யாரிடம் விற்பது?

2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 விழுக்காடு பயோ டீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், மீந்த சமையல் எண்ணெயைத் திரட்டி எரிபொருளாக மாற்றும் 'ரூகோ' என்ற திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. விமான எரிபொருள் செய்யவும் இவ்வெண்ணெய்க்கு இப்போது தேவை எழுந்துள்ளது. வெளிநாடு செல்லும் விமானங்களில் 2027இல் ஒரு விழுக்காடு இத்தகைய எரிபொருளைக் கலக்க நம் நாடு இலக்கு குறித்துள்ளது. ஆக, நேற்று வடிகாலில் போனது இன்று விலையுள்ள சரக்கு.

விலையுள்ள சரக்கு என்றதும் கள்ள வழியும் திறந்துவிடுகிறது. பெரிய விடுதியில் கறுத்த எண்ணெயை வாங்கி, வடிகட்டி, நிறம் தெளிய வைத்து, சிறிய கடைகளுக்கு மலிவாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணெயில் பொரித்த வடையை வாங்கித் தின்பது யார்? கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளியும், பள்ளி விட்டு வரும் நம் பிள்ளைகளும்தாம். இருதய நோய்க்கும் இரத்தக் குழாய் அடைப்புக்கும் அதனால் வழி ஏற்படுகிறது. எனவே கூடுதல் விலை தருகிறேன் என்று டப்பாவோடு வருபவரிடம், "எந்த நிறுவனத்துக்குப் போகிறது? அங்கீகாரச் சீட்டு உண்டா? ரசீது தருவீர்களா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஒரு பிடி மரத்தூளைக் கலந்துவிட்டால் அந்த எண்ணெய் மீண்டும் சட்டிக்குத் திரும்புவது கடினம் என்பது எம் சொந்த யோசனை.

நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் எண்ணெய் செலவழிக்கும் உணவு நிறுவனங்கள், வாங்கியது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, யாரிடம் கொடுத்தது என்று பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற முகவரிடமே கொடுக்க வேண்டும். இது 2019 மார்ச் முதல் நாளிலிருந்து கட்டாயமாகும். உங்கள் பஜ்ஜிக் கடை அந்த அளவுக்கு வராது. நாளுக்கு அரை லிட்டர் மீந்தால் பெரிது. அதற்காக ஒரு முகவர் வண்டி எடுத்து வர மாட்டார். ஆகவே தெருவில் பத்துப் பதினைந்து வீடுகளும் கடைகளும் ஒன்று சேர்ந்து, மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் பொறுப்பில் ஒரு 50 லிட்டர் கேனை வைத்துச் சேர்க்கலாம். எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். தண்ணீர் கலந்தால் விலை குறையும். எஞ்சின் எண்ணெயை ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. வெயில் படாத இடத்தில் மூடி வைக்க வேண்டும். கேன் நிறையும் சமயம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் அங்கீகாரம் பெற்ற முகவரின் விவரம் கிடைக்கும். தீபாவளி முடிந்த வாரத்தில் மீந்த எண்ணெய் இல்லாத வீடே இராது. தொடங்குவதற்கு ஏற்ற சமயம் அதுதான்.

சாண எரிவாயுக் கலன் உள்ளவர்களுக்கு

நாலைந்து மாடு வைத்து, நாளுக்கு 50 கிலோ சாணம் கரைத்து ஊற்றும் இரண்டு கன மீட்டர் கலன் உங்களிடம் இருந்தால், அதில் நாளொன்றுக்கு 50 மில்லி எண்ணெயில் தொடங்கி, பதினைந்து நாளில் 100 மில்லி வரை சேர்க்கலாம். சாணக் கரைசலோடு நன்றாகக் கலக்கி ஊற்ற வேண்டும். 100 மில்லி எண்ணெய் நன்கு செரித்தால் ஏறக்குறைய 100 லிட்டர் வாயு தரும். இரண்டரைக் கிலோ சாணம் தரும் வாயுவுக்கு அது சமம். ஆசைப்பட்டு ஒரேயடியாக ஒரு லிட்டரைக் கவிழ்த்தால், எண்ணெய் சிதைந்து உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் வாயு தரும் நுண்ணுயிர்களை முடக்கிவிடும். பின்னர் அடுப்பு எரியாமல் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

சலவைக்குச் சோப்பு

வீட்டிலேயே செய்யத் தக்கது சலவைச் சோப்பு. முதலில் எண்ணெயைத் துணியில் வடிகட்டி, சம அளவு நீருடன் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். உப்பும் மசாலாவும் நீரில் இறங்கிவிடும். மேலே நிற்கும் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலை, சூரியகாந்தி அல்லது பாமாயில் ஒரு கிலோவுக்குக் காஸ்டிக் சோடா 130 கிராம், நீர் 350 மில்லி போதும். இந்த அளவுகளைத் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் 920 கிராம்தான் இருக்கும் என்பதால் படியளவு ஏமாற்றிவிடும். சோப்பு கெட்டியாகவும் நுரையோடும் வர விரும்பினால், முக்கால் கிலோ மீந்த எண்ணெயோடு கால் கிலோ தேங்காய் எண்ணெய் சேர்த்து, சோடாவை 140 கிராமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காஸ்டிக் சோடா தோலைப் பொசுக்கும், கண்ணைக் குருடாக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு வேலை செய்யுங்கள். நீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அதைச் சோடா அரித்து, தீப்பற்றும் வாயு கிளம்பும். எவர்சில்வர் பாத்திரமோ கனமான பிளாஸ்டிக் வாளியோ ஏற்றது. மேலே பட்டுவிட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கரைசல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், வெதுவெதுப்பான எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றி, மரக்கரண்டியால் கலக்கிக்கொண்டே இருங்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தோசை மாவுப் பதம் வரும். பாலிதீன் தாள் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி மூடிவைத்து, இரண்டு நாள் கழித்து வில்லைகளாக வெட்டி, நிழலில் நான்கு வாரம் உலர்த்த வேண்டும். துணிக்கும் தரைக்கும் சட்டி துலக்கவும் உதவும். குளிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

இந்தச் சோப்பைக் கரைத்துப் பயிரில் தெளிக்கலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வேண்டாம். மாவுப் பூச்சிக்குப் பரிந்துரைக்கப்படும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு வேறு. இது இலையைக் கருக்கிவிடும். மீந்த எண்ணெயையும் வேப்பெண்ணெய்க்குப் பதிலாகத் தெளிக்கக் கூடாது. வெண்டை, கத்தரியில் வெள்ளை ஈக்காக ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் தகடு தொங்கவிடுகிறோமே, அதில் ஆமணக்கு எண்ணெய்க்குப் பதிலாகத் தடித்துப் பிசுபிசுத்துப்போன பொரித்த எண்ணெயைத் தடவிப் பார்க்கலாம். சூரியகாந்தி எண்ணெய் நாலைந்து நாளில் வார்னிஷ்போல் காய்ந்துவிடும். அதனால் அடிக்கடி துடைத்து மறுபடி பூச வேண்டும். நூம்பல் பக்கம் கட்டட வேலைக்குக் குறைவில்லை. சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாதிருக்கக் கறுத்த எஞ்சின் எண்ணெயைப் பூசுகிறார்கள். அதற்குப் பதிலாக உங்கள் மீந்த எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லப் பூசச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். அதிகம் பூசினால் கான்கிரீட்டின் மேற்பரப்பு பொடிந்து உதிரும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.